மறுப்புக் கடிதம் வந்த பின்

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, அலுவலகத்திலிருந்து வீடு திரும்பிய சிறிது நேரத்திற்கெல்லாம் வாயிலில் ஒரு குரல் கேட்டது. அலசூரில் எங்கள் தெருவிலேயே நெடுங்காலமாக வாழும் மூதாட்டி ஒருவர் நின்றிருந்தார். அவர் கையில் மடித்த தாள்கள் சில இருந்தன.

“தம்பி, நீ ரயில்வேயில் எழுத்து வேலை பார்ப்பவன். இதில் என்ன போட்டிருக்கிறது என்று படித்துச் சொல்லப்பா” என்றார்.

அம்மூதாட்டியின் மகள் யாழ்ப்பாணத்தார் ஒருவரை மணந்து அங்கேயே குடிபுகுந்தவள். அவளுடைய மகன் இலண்டன் சென்று தஞ்சம் கோரி மனுச் செய்திருந்தான். மனு மறுக்கப்பட்டுவிட்டது. அம்மறுப்புக் கடிதத்தைக் கைப்பேசியில் படம் பிடித்துப் பாட்டிக்கு அனுப்பியிருக்கிறான். பாட்டி அதனைக் கடையில் கொடுத்துத் தாளில் அச்செடுத்து, முருகன் படத்திற்குப் பின்னே ஐந்து நாள் வைத்திருந்திருக்கிறார்.

“நல்ல சேதி இல்லை பாட்டி என்று மட்டுந்தான் சொன்னான். பிறகு அழுதான். அதற்குமேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை” என்றார்.

நாள்தோறும் வரும் கடிதங்களைப் பதிவேட்டில் ஏற்றுவது என் தொழில். எந்தக் கடிதம் கைக்கு வந்தாலும் முதலில் தேதியையும், அடுத்துக் கெடுவையும் தேடுவது பழக்கமாகிவிட்டது. அவ்வாறே தேடினேன். கடைசிப் பக்கங்களில் ஒன்றில், 14 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று எழுதியிருந்தது. எண்ணிப் பார்த்தேன். அன்று பன்னிரண்டாம் நாள்.

“அம்மா, இன்னும் இரண்டு நாள் இருக்கிறது” என்றேன். அவர் முகத்தில் தோன்றிய மாற்றத்தை என்னால் மறக்க இயலவில்லை.

அன்றிரவே பேரனுடன் பேசினோம். அவன் அக்கடிதத்தின் முதற்பக்கத்தை மட்டுமே படித்திருந்தான். ‘மறுக்கப்பட்டது’ என்னும் சொல்லைக் கண்டதும் மேலே படிக்கத் துணிவு வரவில்லையாம். மறுநாள் வழக்கறிஞர் ஒருவரைக் கண்டான். கெடு முடியும் நாளில் மேல்முறையீடு பதிவாயிற்று. முடிவு இன்னும் வரவில்லை. வெல்வானோ தோற்பானோ, யாரறிவார்? ஆயினும், கேட்கப்படும் உரிமையை அவன் இழந்துவிடவில்லை.

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றிற்குக் கடல் கடந்த உறவு உண்டு. முகாம்களில் வாழும் உறவினரும் உளர். ஆகவே இச்செய்தியை எல்லாரும் அறிந்திருத்தல் நன்று என்று கருதி, நான் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை ஈண்டுத் தொகுத்துத் தருகிறேன்.

தஞ்சம் என்பது யாது?

பிழைப்புத் தேடிச் செல்வது வேறு. உயிர் தப்பிச் செல்வது வேறு. 1951ஆம் ஆண்டு ஜெனீவாவில் உருவான அகதிகள் உடன்படிக்கை இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. இனம், மதம், தேசியம், குறிப்பிட்டதொரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தனுள் ஒன்றன் காரணமாகத் தாம் துன்புறுத்தப்படக்கூடும் என்று தக்க ஆதாரத்துடன் அஞ்சித் தாயகத்திற்கு வெளியே இருப்பவரே அகதி. அத்தகையவரை உயிருக்கோ உரிமைக்கோ ஆபத்து நேரும் நாட்டிற்குத் திருப்பி அனுப்பலாகாது என்று அதன் 33ஆம் விதி கூறுகிறது. வறுமை மிகக் கொடியதே. எனினும் வறுமை ஒன்றை மட்டும் காட்டித் தஞ்சம் பெற இயலாது.

‘தக்க ஆதாரத்துடன் அஞ்சுதல்’ என்றால் என்ன? இக்கேள்விக்கு விடை காண்பதற்கே நம் தமிழர் சிலர் நான்கு ஆண்டுகள் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கினர். அவ்வரலாறு அறியத்தக்கது.

ஐந்து தமிழரின் வழக்கு

1987ஆம் ஆண்டில் இலங்கைத் தமிழ் இளைஞர் ஐவர் இங்கிலாந்தை அடைந்து தஞ்சம் கோரினர். அரசு மறுத்தது. அந்நாளைய சட்டப்படி, நுழைவு அனுமதியின்றி வந்தவர் நாட்டை விட்டு வெளியேறிய பின்னரே மேல்முறையீடு செய்யலாம். நாட்டினுள் இருந்தபடியே அவர்கள் செய்யக்கூடியது ஒன்றுதான். அதற்கு நீதிப் புனராய்வு என்று பெயர்.

மேல்முறையீட்டிற்கும் புனராய்விற்கும் வேறுபாடு என்ன? எனக்குத் தெரிந்த தொழிலிலிருந்தே உவமை சொல்கிறேன். வண்டியில் பரிசோதகர் ஒரு பயணிக்கு அபராதம் விதிக்கிறார். பயணியிடம் சீட்டு இருந்ததா, இல்லையா என்று மீண்டும் ஆராய்வது மேல்முறையீடு. அபராதம் விதிக்கப் பரிசோதகருக்கு அதிகாரம் உண்டா, பயணியின் சொல்லைக் கேட்டாரா, விதியைச் சரியாகப் பொருள் கொண்டாரா என்று மட்டும் ஆராய்வது புனராய்வு. முன்னது முடிவையே எடைபோடும். பின்னது முடிவெடுத்த முறையை எடைபோடும்.

ஐவரும் புனராய்வு கோரினர். 1987 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. டிசம்பர் 16ஆம் நாள் பிரபுக்கள் சபை அத்தீர்ப்பை மாற்றிவிட்டது. மனுதாரர் உள்ளத்தில் அச்சம் இருத்தல் மட்டும் போதாது. உண்மை நிலைமையை நோக்க, துன்புறுத்தலுக்கு நியாயமான வாய்ப்பு இருத்தல் வேண்டும் என்று பிரபுக்கள் வகுத்தனர். இந்த அளவுகோல் பிற்கால வழக்குகளுக்கும் அடிப்படையாக அமைந்தது.

1988 பிப்ரவரியில் ஐவரும் கொழும்புக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் மூவர் திரும்பிய பின் கொடுமைக்கு ஆளாயினர் என்பது பிற்பாடு நீதிமன்றப் பதிவிலேயே இடம்பெற்றது. நாட்டின் உச்ச மன்றமே கைவிட்டது. விமானத்தில் ஏற்றியும் அனுப்பிவிட்டார்கள். இனி என்ன இருக்கிறது என்றுதானே எவரும் எண்ணுவர்?

ஆனால் அவர்களுடைய வழக்கறிஞர்கள் அவ்வாறு எண்ணவில்லை. நாட்டை விட்டு வெளியேறிய பின் மேல்முறையீடு செய்யலாம் என்று சட்டத்தில் இருந்த அந்த ஒரு வாயிலைத் தட்டினர். மேல்முறையீட்டு நடுவர் சாட்சியங்களை முதலிலிருந்து ஆராய்ந்தார். ஐவரின் அச்சமும் ஆதாரமுள்ளதே, அவர்களுக்குத் தஞ்சம் மறுத்தது தவறு என்று 1989 மார்ச் மாதத்தில் தீர்ப்பளித்தார். அவ்வாண்டு அக்டோபரில் ஐவரும் இங்கிலாந்துக்குத் திரும்பி வந்தனர்.

இதற்கிடையே அவர்கள் ஸ்ட்ராஸ்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திலும் முறையிட்டிருந்தனர். 1991 அக்டோபர் 30ஆம் நாள் அம்மன்றம் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. இதனையும் மறைக்காமல் சொல்லுதல் வேண்டும். சட்ட நூல்கள் இதனை வில்வராஜா வழக்கு என்று குறிக்கின்றன. பெரிய மன்றங்கள் இரண்டில் தோற்றவர்கள், சிறிய நடுவர் ஒருவரின் முன் வென்றார்கள். வேறுபாடு எங்கிருந்து வந்தது? பிரபுக்கள் சபை புனராய்வு என்னும் அளவில் முறையை மட்டுமே ஆராய்ந்தது. நடுவரோ அம்மனிதர்களின் கதையை முழுதும் கேட்டார். நாட்டினுள் இருந்தபடியே மேல்முறையீடு செய்யும் உரிமையைத் தஞ்சம் கோருவோர் அனைவருக்கும் 1993ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கிற்று. இவர்களைப் போன்றோர் பட்ட துன்பம் அதன் பின்னே உண்டு.

கேட்கப்படும் உரிமை

நேரில் கேட்கப்படுதல் எத்துணை இன்றியமையாதது என்பதைக் கனடா நாட்டு வழக்கு ஒன்றும் காட்டுகிறது. சீக்கியர் முதலிய எழுவர் தொடுத்த வழக்கில், 1985 ஏப்ரல் 4ஆம் நாள் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவர் மெய் சொல்கிறாரா, பொய் சொல்கிறாரா என்பதே கேள்வியாக இருக்கும்போது, அவரை நேரில் கேளாமல் காகிதத்தைக் கொண்டே முடிவு செய்தல் நீதியன்று என்பது அதன் சாரம். அதன் விளைவாக 1989இல் அகதி மனுக்களை விசாரிக்கத் தனி வாரியமே அமைந்தது. பின்னர்க் கனடா சென்ற நம் ஈழத் தமிழர் பல்லாயிரவர் அவ்வாரியத்தின் முன்னேதான் தங்கள் கதையைச் சொன்னார்கள்.

நாட்களின் கணக்கு

இனி நடைமுறைக்கு வருவோம். இங்கிலாந்தில் இருப்பவர், முடிவு அனுப்பப்பட்ட நாளிலிருந்து 14 நாட்களுக்குள் முதல்நிலைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்தல் வேண்டும். அங்கும் தோற்றால், சட்டப் பிழை இருப்பின் மட்டும், அனுமதி பெற்று மேல் தீர்ப்பாயத்தை அணுகலாம். கனடாவில், எழுத்து மூலமான காரணங்கள் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் அகதி மேல்முறையீட்டுப் பிரிவில் அறிவிப்புப் பதிதல் வேண்டும். அங்கும் மறுக்கப்பட்டால், கூட்டரசு நீதிமன்றத்தை நாடவும் 15 நாட்களே. ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபர் முதல் நிர்வாக மறு ஆய்வுத் தீர்ப்பாயம் என்னும் புதிய அமைப்பு இயங்குகிறது. காவலில் இல்லாதவர்க்குக் கெடு 28 நாட்கள். அதன்பின் நீதிமன்றத்திற்கு 35 நாட்கள்.

இவ்வெண்களை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. சட்டங்கள் அடிக்கடி மாறுகின்றன. காவலில் இருப்போருக்கும், சில வகை மனுக்களுக்கும் கெடு குறையலாம். சிலருக்கு மேல்முறையீட்டு உரிமையே இல்லாமலும் போகலாம். ஆகவே, கைக்கு வந்த கடிதத்தில் எழுதியுள்ள கெடுவே மெய்யான கெடு. கெடு தவறிவிட்டாலும் உடனே மனம் தளர வேண்டுவதில்லை. தக்க காரணம் காட்டினால் கால நீட்டிப்பு அளிக்கும் அதிகாரம் தீர்ப்பாயங்கள் பலவற்றிற்கு உண்டு. ஆனால் ‘துக்கத்தில் இருந்தேன்’ என்பதைத் தக்க காரணமாக எல்லாரும் ஏற்பதில்லை.

கடிதத்தை எவ்வாறு படிப்பது?

மறுப்புக் கடிதம் பெரும்பாலும் பத்தி பத்தியாக எண்ணிடப்பட்டிருக்கும். ‘நீர் சொல்வதை நம்பவில்லை’ என்பது ஒருவகைக் காரணம். ‘நம்புகிறோம், ஆனால் இப்போது ஆபத்து இல்லை’ என்பது மற்றொரு வகை. ‘உம் ஊரில் ஆபத்து இருக்கலாம்; வேறு ஊரில் வாழலாமே’ என்பது மூன்றாம் வகை. எவ்வகை என்று அறிந்தாலன்றி மறுமொழி எழுத இயலாது. முதல் வகைக்குத் தேவை சான்று. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் தேவை நாட்டு நிலைமை பற்றிய அறிக்கைகள்.

சான்று என்பது எத்தகையது? ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2008 ஜூலை 17ஆம் நாள் அளித்த மற்றொரு தீர்ப்பைக் காண்க. பெயர் வெளியிடப்படாத ஓர் இலங்கைத் தமிழர், இங்கிலாந்தில் 1999இல் தஞ்சம் கோரி மறுக்கப்பட்டவர். 2003இல் மேல்முறையீட்டிலும் தோற்றவர். அவரைத் திருப்பி அனுப்பினால் மனித உரிமை மீறப்படும் என்று ஸ்ட்ராஸ்பர்க் மன்றம் தீர்ப்பளித்தது. அவர் பலமுறை கைது செய்யப்பட்டவர். கைரேகையும் நிழற்படமும் எடுக்கப்பட்டவர். அவரை விடுவிக்க அவர் தந்தையார் ஒரு தாளில் கையொப்பமிட்டவர். உடலில் அடித்த தழும்புகள் இருந்தன. இவை ஒவ்வொன்றும் தனியே சிறியவை. எல்லாவற்றையும் ஒருங்கே எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்றது மன்றம்.

இதிலிருந்து ஊரில் இருக்கும் உறவினராகிய நாம் அறிய வேண்டுவது ஒன்று உண்டு. பழைய கைது ஆவணம், மருத்துவமனைச் சீட்டு, கிராம சேவகர் கடிதம், செய்தித்தாள் துண்டு ஆகியவை நம் பெட்டிகளில்தான் கிடக்கும். அவற்றைத் தேடி எடுத்து அனுப்புவது நம் கடமை. இல்லாததை உண்டாக்கி அனுப்புவதோ பெருந்தீங்கு. ஒரு பொய்ச் சான்று அகப்பட்டால், பத்து மெய்ச் சான்றுகளும் மதிப்பிழக்கும்.

2009 மே மாதத்தில் போர் முடிந்தபின் நிலைமை மாறியிருக்கிறது. தமிழர் என்ற ஒன்றே போதாது என்றும், இலங்கை அரசு இன்று யாரைத் தனக்கு அச்சுறுத்தலாகக் கருதுகிறது என்று பார்த்தல் வேண்டும் என்றும் பிரித்தானியத் தீர்ப்பாயம் 2013இலும் 2021இலும் வழிகாட்டியிருக்கிறது. ஆகவே பழைய துன்பத்தைச் சொல்வதுடன் நில்லாமல், இன்றைய ஆபத்து யாது என்று காட்டுதல் வேண்டும்.

நீதிமன்றத்திற்கு அப்பால்

வழக்குகள் ஓய்ந்த பின்னும் சில வாயில்கள் உண்டு. புதிய சான்று கிடைத்தால் புது மனுவாக ஏற்குமாறு கோரலாம். மனிதாபிமான அடிப்படையில் விண்ணப்பிக்கலாம். சில நாடுகளில் அமைச்சருக்கே தனி அதிகாரம் உண்டு. ஆஸ்திரேலியாவில் பிலோயிலா என்னும் சிற்றூரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றை 2018 மார்ச்சில் விடியற்காலையில் அழைத்துச் சென்றனர். 2019 ஆகஸ்டில் அவர்களை ஏற்றிக்கொண்டு விமானம் பறந்துகொண்டிருந்தபோதே நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. விமானம் டார்வின் நகரில் இறங்கிற்று. பின்னர்க் கிறிஸ்துமஸ் தீவில் நெடுநாள் அடைபட்டிருந்தனர். அவ்வூர் மக்கள் ஓயாமல் குரல் கொடுத்தனர். 2022 ஜூனில் குடும்பம் பிலோயிலா திரும்பிற்று. ஆகஸ்டில் நிலையான குடியிருப்பு உரிமை கிடைத்தது. வழக்கு காலத்தை ஈட்டிக் கொடுத்தது. அண்டை வீட்டாரின் அன்பு அமைச்சரின் மனத்தைத் திறந்தது.

நம் நாட்டில்

இந்தியா 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையில் கையொப்பமிடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. அயல்நாட்டார் எவரும் இங்கே குடியிருக்கும் உரிமையை அரசியலமைப்பின் 19ஆம் பிரிவின்கீழ்க் கோர இயலாது. அது குடிமக்களுக்கே உரியது. 2025 மே மாதத்தில் இலங்கைத் தமிழர் ஒருவரின் மனுவை உச்ச நீதிமன்றம் இக்காரணம் காட்டியே ஏற்க மறுத்தது. ஆனால் உயிருக்கும் உரிமைக்கும் காப்பளிக்கும் 21ஆம் பிரிவு குடிமகன் என்று சொல்லவில்லை. மனிதர் எவருக்கும் என்றே சொல்கிறது. 1996ஆம் ஆண்டுச் சக்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனை வலியுறுத்திற்று. வெளியேற்ற ஆணை வந்தால், சட்டப்படி நடந்ததா என்று கேட்டு 226ஆம் பிரிவின்கீழ் உயர்நீதிமன்றத்தை நாடலாம்.

2025 செப்டம்பர் முதல் நாள் புதிய குடிவரவு மற்றும் அயல்நாட்டார் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2015 ஜனவரி 9ஆம் நாள் வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்க்குக் கடவுச்சீட்டு, நுழைவு அனுமதி பற்றிய விதிகளிலிருந்து விலக்கு அளித்து அரசு ஆணையிட்டிருக்கிறது. பதிவுச் சீட்டு எத்துணை மதிப்புடையது என்பதை இது காட்டும். இவ்விலக்கு குடியுரிமை ஆகாது. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இடம்பெறவில்லை.

மற்றொன்று. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை முதல் தேதிக்கு முன் வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், சில விலக்குகள் நீங்கலாக, பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த பெண்மணி ஒருவர்க்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டபோது, சென்னை உயர்நீதிமன்றம் 2022இல் இதனை எடுத்துக்காட்டி அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நம் உறவினருள் அத்தகையவர் உளரா என்று பிறப்புச் சான்றிதழைப் பார்த்தல் நன்று.

தரகர் பற்றி

மறுப்புக் கடிதத்தின் செய்தி வெளியே பரவியதும் தரகர் வருவார். ‘என் கையில் ஆள் இருக்கிறான்’ என்பார். அவரை நம்ப வேண்டா. இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளிலும், வழக்கறிஞர் அல்லாத ஆலோசகர்கள் அரசு அங்கீகாரம் பெற்ற பதிவேட்டில் இருத்தல் வேண்டும்; அப்பதிவேட்டை எவரும் பார்க்கலாம். நம் நாட்டில் 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் காவலில் இருப்போர்க்கும் வருமானம் எதுவாயினும் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்னும் எண்ணில் கேட்டறியலாம்.

புரியாத தாளில் கையொப்பமிடவும் வேண்டா. 1992இல் தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து அகதிகளைத் திருப்பி அனுப்பியபோது, சம்மதப் படிவங்கள் ஆங்கிலத்தில் இருந்தன, கையொப்பமிட்டோர் பலர் அம்மொழி அறியார் என்ற முறையீடு சென்னை உயர்நீதிமன்றத்திற்கு வந்தது. அவ்வாண்டிலேயே ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையர் அலுவலகம் சென்னையில் தொடங்கப்பெற்று, செல்வோர் மனமொப்பிச் செல்கின்றனரா என்று கேட்டறிந்தது.

முடிவாக ஒன்று. எல்லா மனுவும் வெல்வதில்லை. எல்லா வாயிலும் அடைபட்டால், ஒளிந்து வாழ்ந்து உழைப்பைச் சுரண்டுவோரிடம் அகப்படுவதைவிட, ஆலோசனை பெற்று விருப்பத்துடன் திரும்புதலே தக்கது என்ற நிலையும் சிலர்க்கு வரலாம். அதனை முடிவு செய்ய வேண்டியவர் அவரே. ஆனால் கடிதத்தைப் படியாமல், நாளை எண்ணாமல், நாணத்தால் மறைத்து வைத்து எவரும் தோற்றல் கூடாது.

உங்கள் வீட்டுப் பிள்ளை கடல் கடந்து இருப்பின், இன்றே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். “நல்ல சேதியானாலும் கெட்ட சேதியானாலும், கடிதம் வந்த அன்றே எங்களுக்குச் சொல். கடைசிப் பக்கம் வரை படி” என்று சொல்லுங்கள். அம்மூதாட்டி இப்போது அத்தாள்களை முருகன் படத்தின் பின்னே வைப்பதில்லை. நாட்காட்டிக்குக் கீழே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்.